தறிக் காய்ப்பு என்று நினைத்திருந்தோம்

மாரடைப்புக்கு நான் ஓமத் தண்ணீர் குடித்தேன். ஒன்று இல்லை, இரண்டு டம்ளர். அதற்கும் அடங்கவில்லை என்று என் வீட்டுக்காரர் பெட்டிக்கடைக்கு ஓடிப்போய் சோடா வாங்கி வந்தார். குடித்துவிட்டுப் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டேன். “பாத்தியா, காத்துதான்” என்று அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நேரத்தில் என் இதயத்தின் ஒரு பகுதி ரத்தம் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தது என்று பிற்பாடு சொன்னார்கள்.

எங்களுடையது பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி நெய்கிற குடும்பம். நானும் அவரும் சேர்ந்துதான் நெய்கிறோம். அன்று காலை தறியில் உட்கார்ந்ததிலிருந்தே தாடையை யாரோ பிடித்து முறுக்குவதுபோல வலித்தது. சொத்தைப் பல் என்று நினைத்தேன். பிறகு இடது கை வலித்தது. அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. நாள் முழுக்க இடது கையால் ஊடை நூலை நெருக்குகிற பலகையை இழுத்து அடிக்கிறவளுக்கு இடது கை வலிக்காமல் வேறு எது வலிக்கும்? டிவியில் எத்தனை டாக்டர்கள் இடது கை, இடது கை என்று சொன்னாலும் அதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு என்றுதான் எனக்கு எண்ணம். பனி இன்னும் விலகாத மார்கழிக் காலையில் ரவிக்கை முழுக்க நனைகிற அளவுக்கு வேர்த்தபோதுகூட, “புழுக்கமா இருக்குது” என்று சொல்லிவிட்டு நெய்துகொண்டிருந்தேன்.

நல்லவேளை, ரஹ்மான் பாய் வந்தார். எங்களுக்குச் சரிகை கொடுக்கிறவர். வாசலில் செருப்பைக் கழற்றியவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்:

“ஏகாம்பரம், இது கேஸ் இல்லப்பா. எங்க அண்ணனுக்கும் இப்பிடித்தான் தண்ணியா ஊத்துச்சி. வண்டியில ஏத்து மொதல்ல.”

“பாய், பாவு பாதியில நிக்குது,” என்றேன் நான், தறியில் கட்டியிருந்த சேலை நூலைப் பார்த்து. என் புத்தி அப்படி.

“பாவு எங்கியும் ஓடிப்போவாது. நீ ஏறும்மா தாயே.”

பக்கத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தின் துடிப்பைக் கோடுகளாகத் தாளில் வரைகிற சோதனை அது. தாளைப் பார்த்த டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் என் வீட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நல்ல சேதியை யாராவது தனியே கூப்பிட்டுச் சொல்வார்களா? நாலைந்து மாத்திரைகளைக் கையில் கொட்டி, “முழுங்காதீங்க, கடிச்சி மெல்லுங்க” என்றார் சிஸ்டர். மென்றேன். ஆம்புலன்சில் ஏற்றி சென்னை போகும் வழியில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். வண்டி குலுங்கிய ஒவ்வொரு முறையும் என் அப்பா ஞாபகம்தான் வந்தது.

அப்பா நாற்பது வயதில் தறியிலேயே போனார். கால் இரண்டும் தறிக்குழிக்குள் தொங்க, உடம்பு மட்டும் நெய்த துணிமேல் சாய்ந்து கிடந்தது. “நோகாம கொள்ளாம போய்ட்டாரு, நல்ல சாவு” என்று தெருவே சொல்லிற்று. என் தம்பிக்கு முப்பத்தி நாலு. கல்யாணம்கூட ஆகவில்லை. முசரவாக்கத்துக்கு வண்டியில் போனவன் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, புளியமரத்தடியில் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. காத்து கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். எனக்கு நாற்பத்தி ஆறு. அவர்கள் இரண்டு பேரையும்விட அதிகமாக இருந்தாகிவிட்டது, இனி நம் முறை என்று நினைத்தேன்.

ஆஞ்சியோ அறை அத்தனை குளிர். மயக்க மருந்து கொடுக்கவில்லை. மணிக்கட்டில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, அதன் வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை விட்டு, மருந்தைப் பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். உடம்பெல்லாம் சூடாக ஏதோ பரவிற்று. பக்கத்துத் திரையில் என் இதயமே ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடினேன், மூடினால் மூடியபடியே போய்விடுவோமோ என்று பயந்து திறந்தேன். அடைத்திருந்த இடத்தில் பலூனை ஊதி விரித்து, சின்னக் கம்பி வலை ஒன்றை வைத்தார்கள். அதுதான் ஸ்டென்ட். தாடை வலி சட்டென்று விட்டது. ஐயோ, அந்த நிமிஷம்! அந்த டாக்டரின் காலில் விழலாம்போல இருந்தது, படுத்திருந்ததால் முடியவில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. “இன்னொரு குழாயிலயும் பாதி அடைப்பு இருக்கும்மா. இப்ப அதைத் தொட வேணாம், மாத்திரையில பார்ப்போம்,” என்றார்கள். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம்? உள்ளே ஒன்று பாதி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, இவர்கள் பார்ப்பார்களாம்.

தீவிர சிகிச்சை வார்டில் ராத்திரி பகல் தெரியாது. விளக்கு அணைவதில்லை. தலைமாட்டில் மானிட்டர் கீக் கீக் என்று கத்திக்கொண்டே இருக்கும். அது கத்தினாலும் பயம், ஒரு நொடி தயங்கினாலும் பயம். பக்கத்துக் கட்டிலில் திருப்புட்குழிக்காரம்மா ஒருவர். பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பார், நடுவில் எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வார். ஒரு காலை கண் விழித்தால் அந்தக் கட்டிலில் புது விரிப்பு. கேட்டதற்கு, “வேற வார்டுக்கு மாத்திட்டோம்” என்றார் சிஸ்டர். நிஜமாகவே மாற்றியிருக்கலாம். நான் நம்பவில்லை.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். பில் கட்டுகிற ஜன்னலுக்குப் போய்வரும்போதெல்லாம் முகம் சுண்டிப்போயிருக்கும், கேட்டால் “காப்பீட்டு அட்டை இருக்குது, நீ கம்முனு படு” என்பார். என் கையில் ஊசி குத்தி வைத்திருந்ததால் தலை பின்ன முடியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் சீப்பை எடுத்து என் முடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். அறுந்த பட்டிழையைத் தேடி முடிகிற விரல்கள் அல்லவா, ஒரு முடிகூட இழுபடவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. “இவ்ளோ நல்லா பின்னுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ படுத்திருப்பேனே” என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

சாதாரண வார்டுக்கு மாற்றிய அன்றுதான் டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. என் ரத்தப் பரிசோதனைத் தாளையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் ஊசிக்குச் சேலை சுற்றின மாதிரி இருப்பேன். வெண்ணெய், நெய் எதுவும் பிடிக்காது. எனக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்கு என்றார்.

“இவளுக்கு வாய்க்கொழுப்புதான் உண்டுன்னு நெனச்சிக்கினு இருந்தேன் டாக்டர்,” என்றார் என் வீட்டுக்காரர். பேசாத மனுஷன் பேசுகிற பேச்சைப் பாருங்கள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் கீழ் இமையை இழுத்துக் கருவிழியைச் சுற்றிப் பார்த்தார். விரல் முட்டிகளைத் தடவினார். பிறகு போர்வையை விலக்கிக் குதிகாலுக்குப் பின்னால், மேலே ஏறுகிற தடித்த நரம்பை இரண்டு விரலால் பிடித்து அமுக்கினார்.

“இந்தக் கட்டி எத்தனை வருஷமா இருக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது கட்டி இல்ல டாக்டர், தறிக் காய்ப்பு. நாள் பூரா மிதிக்கட்டைய மிதிச்சிக்கினு இருந்தா காலு காய்ச்சிப்போவாதா? பலகை அடிச்சி அடிச்சி முட்டியும் காய்ச்சிப்போச்சி. எங்க அப்பாவுக்கு இதைவிடப் பெருசா இருந்திச்சி. என் தம்பிக்கும்தான்.”

பெருமையாகத்தான் சொன்னேன். என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாமியார் என் விரல் முட்டிகளைப் பார்த்துவிட்டு, “உழைச்ச கை” என்றுதான் பூவே வைத்தார். எங்கள் குடும்பத்துக் கையைத் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

“அப்பாவும் தம்பியும் இருக்காங்களா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

சொன்னேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் உட்கார்ந்து பேசினால் பயப்பட வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கொலஸ்ட்ரால் உடம்புக்கு வேண்டிய சரக்குதான். மிச்சமானதைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து பிடித்து இழுத்துக்கொள்ளும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பிடிமானம் பிறவியிலேயே பாதிதான். ஆகவே சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது ரத்தத்தில் தேங்கும். தேங்கியது ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் புகுந்து, அங்கே கெட்டுப்போகும். உடம்பைக் காக்கிற வெள்ளை அணுக்கள் ஏதோ எதிரி நுழைந்துவிட்டது என்று ஓடிவந்து அதை விழுங்கும். கிருமியாக இருந்தால் செரித்துவிடும். கொலஸ்ட்ராலைச் செரிக்கத் தெரியாது. விழுங்கி விழுங்கி ஊதிப்போய், நகர முடியாமல் அங்கேயே தங்கிவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நுரை நுரையாகத் தெரியுமாம், அதனால் நுரை செல் என்று பெயர்.

“தங்கினா சும்மாவும் இருக்காதும்மா. ரசாயனத்தை விட்டு இன்னும் அணுக்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். அந்த இடம் ஆறாத புண் மாதிரி கனன்னுக்கிட்டே இருக்கும். அதைத்தான் அழற்சின்னு சொல்றோம்.”

கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க முடியாமல், போன் போட்டு ஊரிலிருக்கிற சொந்தத்தையெல்லாம் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே என்றேன். “கிட்டத்தட்ட அதேதான். ஆனா இவங்க செத்தும் போவாங்க,” என்றார். செத்த அணுக்களும் கொழுப்பும் குழைந்து கிடக்க, மேலே மெல்லிய மூடி மாதிரி ஒரு தோல் படரும். உள்ளே இருக்கிற அணுக்கள் விடுகிற ரசமே அந்த மூடியை அரித்து மெலிய வைக்கும். ஒருநாள் பிய்த்துக்கொள்ளும். காயம் பட்டது என்று ரத்தம் அங்கே உறையும், குழாய் அடைபடும். அதுதான் எனக்கு ஓமத் தண்ணீர் குடித்த அன்று நடந்தது. எவ்வளவு கனன்றுகொண்டிருக்கிறது என்று பார்க்க சி.ஆர்.பி. என்று ஒரு ரத்தச் சோதனை இருக்கிறதாம், எனக்கு அதுவும் அதிகம்.

“உங்க குதிகால்ல இருக்கறதும் அதே நுரை செல்கள்தாம்மா. காய்ப்பு இல்ல. ரத்தக்குழாய்க்குள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியாது, இது வெளியே தெரியுது, அவ்வளவுதான்.”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பெண் தறியைக் கண்டாளா, மிதிக்கட்டையைக் கண்டாளா என்று மனசுக்குள் திட்டினேன். பரம்பரையாக நெய்கிற காலுக்கு இவள் வந்து பெயர் வைக்கிறாள் என்று கோபம்.

சாயங்காலம் என் மகள் யாமினி வந்தாள். ஒரே பெண், இருபது வயது, கல்லூரியில் படிக்கிறாள். அவள் தறிப் பக்கம் வரவே கூடாது என்று சின்ன வயதிலிருந்தே நான் கண்டிப்பு. ஒரு நாள்கூட மிதிக்கட்டையில் கால் வைத்ததில்லை. ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை என் கட்டில் விளிம்பில் தூக்கி வைத்தாள். பின்னங்காலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

“இன்னாடி அது?”

“ஷூ கடிக்குதும்மா. எப்பவும் அதே எடத்துலதான். நீதான பெரிய சைஸ் வாங்குன்னு சொன்ன, வாங்கியும் கடிக்குது.”

கையை நீட்டித் தொட்டேன். பிளாஸ்திரிக்குக் கீழே, என் காலில் இருந்த அதே இடத்தில், கொட்டைப்பாக்கு அளவு கெட்டியாக இருந்தது. இன்னொரு காலைக் காட்டச் சொன்னேன். அதிலும் இருந்தது. கையை இழுத்து விரல் முட்டியைத் தடவினேன். நடுவிரல் முட்டியில் சின்னதாக, மிளகு மாதிரி.

எனக்கு நெஞ்சு வலித்தபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. அப்பா தறிமேல் சாய்ந்து கிடந்ததும், தம்பி புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்ததும், பிளாஸ்திரி ஒட்டின இந்தக் காலும் ஒன்றாகத் தெரிந்தன. “டாக்டரைக் கூப்பிடுடி” என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

டாக்டரம்மா வந்து அவள் காலைத் தொட்டுப் பார்த்தார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். ரத்தம் எடுத்தார்கள். கழுத்து ரத்தக்குழாய்க்கு ஒரு ஸ்கேனும் எழுதினார்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா, டென்ஷன் ஆவாத, ஓவரா பண்ணாத,” என்றாள் யாமினி. ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அப்படித்தானே என் தம்பியும் சிரிப்பான்.

மறுநாள் ரிப்போர்ட் வர வேண்டும். காலையில் வரவில்லை என்றார் என் வீட்டுக்காரர். மத்தியானமும் வரவில்லை. “கம்ப்யூட்டர் வேலை செய்யலியாம்” என்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. எனக்குப் பிடிக்காத சேதியை என்றைக்கும் மின்விசிறியிடம்தான் சொல்வார்.

யாமினி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன். “வந்துடுச்சில்ல?”

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வந்துடுச்சிம்மா. காலையிலயே. உனக்கு அதிர்ச்சி கூடாதுன்னு...” என் விரல்களை இறுக்கிப் பிடித்து, “உனக்கு இருக்கற அளவுதாம்மா எனக்கும். கொஞ்சம் கூடவே,” என்றாள்.

நான் அழுதேன். வாயை மூடிக்கொண்டு அழத் தெரியாது எனக்கு, ஓவென்று அழுதேன். பெற்றவள் பிள்ளைக்கு நிறத்தைக் கொடுப்பாள், மூக்கைக் கொடுப்பாள், நான் இதையா கொடுத்தேன் என்று அழுதேன். நெஞ்சு இறுக்கியது. சிஸ்டர் ஓடிவந்து ஈ.சி.ஜி. எடுத்தார். மாற்றம் ஒன்றும் இல்லை, பயம்தான் என்றார்கள். பயத்துக்கும் இதே இடம்தான் வலிக்கிறது.

டாக்டரம்மா வந்து என்னை நன்றாகத் திட்டினார். பிறகு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் யாமினியின் கையை மறுபடியும் பிடித்துக்கொண்டேன்.

“ஸ்கேன் பார்த்துட்டேன். மறைக்க மாட்டேன். கழுத்துக் குழாய்ச் சுவர் கொஞ்சம் தடிச்சிருக்கு. அணுக்கள் வர ஆரம்பிச்சிருக்கு. ஆனா அடைப்பு எங்கயும் இல்ல. கூட்டம் கூடறதுக்கு முன்னாடி பிடிச்சிட்டோம்.”

“மாத்திரை போட்டா போயிடுமா?”

“நோய் போகாதும்மா, கட்டுக்குள்ள இருக்கும். மாத்திரை கொலஸ்ட்ராலைக் குறைக்கும், உள்ள கனல்றதையும் அடக்கும். ஆயுசுக்கும் போடணும். கல்யாணம் ஆகி, குழந்தை வேணும்னு நினைச்சா முன்கூட்டியே என்கிட்ட வரணும், அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்தி வைப்போம். மத்தபடி ஒருநாள் விடக்கூடாது.”

“இவ பொழைச்சிக்குவாளா டாக்டர்?” என்று கேட்டேன். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் எதிரில் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

“உங்க அப்பாவுக்கும் தம்பிக்கும் இது இருந்ததே தெரியாது. இவளுக்குத் தெரியும்,” என்றார். ஆமாம் என்று சொல்லாமல் எதற்கு இப்படிச் சுற்றிச் சொல்கிறார் என்று எனக்கு இன்றுவரை உறுத்தல்தான். ஆனால் டாக்டர்கள் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள் போலிருக்கிறது.

இப்போது வீட்டில் இருக்கிறேன். தறியில் இன்னும் உட்காரவில்லை. இரண்டாவது அடைப்பு உள்ளே அப்படியே இருக்கிறது. தெருவில் எதிர்ப்படுகிறவர்களின் குதிகாலையெல்லாம் தொட்டுப் பார்க்கிறேன். எல்லாம் காய்ப்புதான், நிஜமான காய்ப்பு, தேய்ந்து தடித்த தோல். காய்ப்பு மேல்தோலில் இருக்கும், கிள்ளினால் தெரியும். எங்களுடையது தோலுக்கு அடியில், நரம்போடு ஒட்டிக்கொண்டு இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு ரத்தச் சோதனை செய்து பாருங்கள், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். என்னைப் பைத்தியம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

பயம் விட்டுவிட்டது என்று சொன்னால் பொய். யாமினி தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் பயம். கை வலிக்குது என்றால் உயிரே போய்விடும். நேற்றுக் காலை துணி காயப்போட மாடிக்குப் போனாள். வெகுநேரம் ஆகியும் இறங்கவில்லை. “யாமினி, யாமினி” என்று கீழிருந்து கூப்பிட்டேன். சத்தமே இல்லை. படி ஏறக்கூடாது என்று எனக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் என்ன பார்க்கப்போகிறோமோ என்று நடுங்கிக்கொண்டே ஏறினேன்.

மேலே அவள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, யாரோ சிநேகிதியிடம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் ஓடிவந்தாள்.

“அறிவு இருக்குதாம்மா உனக்கு? யாரைக் கேட்டு படி ஏறின? எப்பிடி மூச்சு வாங்குது பாரு. சொன்னா கேக்கவே மாட்டியா? நாளைக்கு உனக்கு எதுனா ஒண்ணு ஆயிடுச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?” என்று கத்தினாள். பக்கத்து மாடிக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள்.

அவள் திட்டி முடிக்கிறவரைக்கும் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.